யாரோ வாங்கிய சோயா பால்

தணிகாசலம் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். மாடித் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும்வரை பல் விளக்கினான். கடுங்காப்பி போட்டு, நின்றபடியே குடித்தான். அந்த வீட்டுக்குப் பால் வந்து மூன்று வருஷமாகிறது. நிறுத்தியவள் மனைவி மதுமதி. அவள் போய் ஒன்பது மாதமாகியும் பால்காரரை மறுபடி வரச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். நேற்றைய சோற்றில் எலுமிச்சை பிழிந்து டப்பாவில் அடைத்தான். சார்ஜரில் கிடந்த இரண்டு போன்களையும் எடுத்தான். ஒன்று அவனுடையது, மற்றது அவளுடையது. அவள் போனில் சிம் காலாவதியாகி வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டு வைஃபையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் சார்ஜ் போடுவான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் போனின் முகப்பில் வந்து விழும் விளம்பரங்களை விரலால் தள்ளிவிடுவதும் காலை வேலைகளில் ஒன்று. புடவைத் தள்ளுபடி, போட்டித் தேர்வுப் பயிற்சி, பிறந்தநாள் சலுகை. அன்று ஒன்றைத் தள்ளப்போன விரல் நின்றது.

'வாழ்த்துகள் மதுமதி! நீங்கள் நேற்று அனுப்பிய பில் ஏற்கப்பட்டது. உங்கள் தொடர்: 74 வாரம்.'

நேற்று என்றிருந்தது. அவன் இரண்டு முறை படித்தான்.

'சேமி' என்ற அந்தச் செயலியை அவனுக்குத் தெரியும். மதுமதி பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டவள். அதற்குப் பதிலாகச் சோயா பால், பாதாம் பால், டோஃபு, வேர்க்கடலைத் தயிர் என்று வாங்குவாள். எல்லாம் யானை விலை. அவற்றை வாங்கிய பில்லைப் படமெடுத்து அனுப்பினால் விலையில் ஒரு பகுதி புள்ளிகளாகத் திரும்ப வரும். வாராவாரம் விடாமல் அனுப்பினால் விகிதம் ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரம் தவறினால் மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். புள்ளிகளைக் கொடுத்து மளிகை வாங்கலாம், போனுக்கு ரீசார்ஜ் செய்யலாம். இவ்வளவும் அவள் சொல்லித் தெரிந்துகொண்டது. மாதக் கடைசியில் அவன் எதிரே வந்து நின்று, இந்த மாதம் என்னால் உனக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை என்பாள். அவனும் கெட்டிக்காரி என்பான்.

செத்துப்போனவள் நேற்று பில் அனுப்பியிருக்கிறாள்.

அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் உட்கார்ந்து செயலியைத் திறந்தான். பழைய பில்களின் படங்கள் வரிசையாக வந்தன. நூற்றுக்கணக்கில். போன வாரம், போன மாதம், அதற்கு முந்தைய மாதம். கார்த்திகையில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலும் இரண்டு. அதற்கும் முன்னால், அவள் உயிரோடு இருந்த மாதங்களிலும், எக்கச்சக்கம்.

தணிகாசலத்தின் பிழைப்பே பில் பார்ப்பதுதான். தி. நகரில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் ஆறு வருஷமாக இருக்கிறான். பொய்யான பில்லை அவன் கண் ஓரப்பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும். முதலில் தேதி, பிறகு நேரம், அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள். அந்தக் கண்ணோடு மனைவியின் பில்களைப் பார்த்தான்.

எல்லாம் ஒரே கடை. மந்தைவெளியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் நித்யா சூப்பர் மார்க்கெட். ஒவ்வொன்றிலும் சோயா பாலோ டோஃபுவோ ஏதோ ஒன்று இருந்தது. கூடவே இருந்தவைதான் அவனை நிமிர்த்தி உட்கார வைத்தன. சவர பிளேடு. மட்டன் மசாலா. குழந்தைக்குக் கட்டும் டயபர், சின்ன அளவு. இரண்டு மாதம் கழித்து டயபர், நடுத்தர அளவு.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவன் தாடி வைத்திருப்பவன். அந்த வீட்டில் மட்டன் மசாலா நுழைந்து மூன்று வருஷமாகிறது.

இன்னொன்றையும் கவனித்தான். பில்லின் மேல்பகுதியில் வாங்கியவரின் போன் எண் அச்சாகும். எல்லாப் படத்திலும் அந்த இடத்தில் காகிதம் மடிக்கப்பட்டிருந்தது. மறைக்க வேண்டியதை மறைக்கத் தெரிந்த கை. அந்தக் கையும் படத்தில் கொஞ்சம் விழுந்திருந்தது. பில்லை மேசையில் அழுத்திப் பிடித்த கட்டைவிரல். பழைய படங்கள் சிலவற்றில் மதுமதியின் விரல். நகத்தைக் கடிக்கும் பழக்கம் அவளுக்கு. மற்றதிலெல்லாம் வேறொரு விரல். அகலமானது, கறுத்தது, நகம் ஒட்ட வெட்டியது. ஒரே ஒரு படத்தில் இரண்டு கட்டைவிரல்களும் இருந்தன. பில்லின் இரு ஓரத்தையும் இரண்டு பேர் சேர்ந்து பிடித்திருந்தார்கள்.

போன வருஷம் மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. அந்த நேரத்தில் அவன் அலுவலகத்தில் இருந்திருப்பான்.

அன்று அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ஃபராஸிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டான். தணிகாசலம் பெருமையாகச் சொன்னதைக் கேட்டு ஃபராஸும் ஒருகாலத்தில் அந்தச் செயலியைப் போட்டுப் பார்த்தவன். ஒரு மாதம் முழுக்கப் பில்லாக அனுப்பிப் பன்னிரண்டு ரூபாய் பார்த்துவிட்டு அழித்துவிட்டதாகச் சொன்னான். மதுமதிக்கு மாதம் ஆயிரத்துக்குமேல் வந்திருக்கிறது என்றதும் ஃபராஸ் சிரித்தான்.

"ஒரு வூட்டு பில்லுக்கு அவ்ளோ வராது மச்சி. நாலு வூட்டுக்கு சேத்து வாங்குனாதான் உண்டு."

நகைச்சுவையாகத்தான் சொன்னான். அதன்பின் ஒரு கோரிக்கையைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தணிகாசலத்தால் முடியவில்லை. நாலு வீடு வேண்டாம், இன்னொரு வீடு போதும். சவரம் செய்துகொள்ளும் ஓர் ஆண். வளர்ந்துகொண்டே வரும் ஒரு குழந்தை. ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு. காகிதத்தில் கிடந்த பொருள்களை வைத்து ஒரு குடும்பத்தையே கட்டி எழுப்பிவிட்டான். அந்தக் குடும்பத்துக்கு மளிகை வாங்கிப் போட்டவள் மதுமதி. அவளுடைய கணக்கின் சாவி இன்றைக்கும் அங்கே யாரிடமோ இருக்கிறது.

ஒன்பது மாதமாக அவன் அழுததில்லை. மரத்துப்போன கால்போல ஏதோ ஒன்றை உடம்போடு இழுத்துக்கொண்டு திரிந்தான். இப்போது அதில் ஊசி ஊசியாகக் குத்தியது. அவள் யாரென்று தெரியாமல் யாருக்காகத் துக்கம் காப்பது? இதைத் தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்று இருந்தது.

மாலையில் மாமனாரின் பாத்திரக் கடைக்குப் போனான். தி. நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது கடை. மாமனார் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தார். மாமியார் சரோஜாதேவி கல்லாவில் இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறாதவள். மாப்பிள்ளையைக் கண்டதும் எழுந்து நின்று, காப்பி சொல்லி அனுப்பி, ஏன் இப்படி மெலிந்துவிட்டீர்கள் என்றெல்லாம் விசாரித்தாள். ஆனால் கை கல்லாப் பெட்டியை மூடிவிட்டிருந்தது. காரியம் முடிந்தபிறகு அவன் தானாக அந்தக் கடைக்கு வருவது இதுதான் முதல்தடவை.

"நகையப் பத்திப் பேச வந்தியளா மாப்ள? அது அப்படியே பெட்டியிலதான் இருக்கு. நாங்க ஒண்ணும் தொடல."

நகை இல்லை என்றான். மதுமதியின் போனில் இருந்த பில்களைக் காட்டி, அவள் அம்மா வீட்டுக்காக மளிகை ஏதும் வாங்கி வருவாளா என்று கேட்டான். சரோஜாதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இங்கே வந்தால் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அவள் தொட்டதில்லை என்றாள். மோர்க்குழம்பு வைத்த சட்டி என்று தெரிந்தால் அந்தச் சட்டியில் பொரித்த அப்பளத்தைக்கூடத் தின்னமாட்டாள். கையோடு சோற்று டப்பா கொண்டுவருகிற மகளைப் பெற்றது தன் தலையெழுத்து என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல நிறுத்தினாள்.

போன வருஷம் ஆடியில் ஒருநாள் பெரிய பை ஒன்றோடு வந்தாளாம். உள்ளே அட்டைப் பெட்டிப் பால், கடலைத் தயிர், என்னென்னவோ. இவ்வளவு விலை கொடுத்து எதற்கு வாங்கினாய் என்று இவள் திட்டியிருக்கிறாள். அதற்கு அவள் சிரித்தாளாம்.

"எல்லாம் ஓசிதாம்மா, ஒருத்தர் புண்ணியத்துலன்னா. யாருட்டி அந்தப் புண்ணியவான்னு கேட்டேன். சொல்லல. ஓசியில யாரு மாப்ள குடுப்பா இந்த ஊர்ல?"

காப்பி வந்தது. பால் காப்பி. ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடிக்காமல் எழுந்தான். செத்தவளின் போனை எதற்கு மாப்பிள்ளை நோண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வாசல்வரை வந்து கேட்டாள் சரோஜாதேவி. வேறு இடத்தில் பெண் பார்க்கிறார்களா என்றும் கேட்டாள். இல்லை என்றான். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒருத்தர் புண்ணியம். அகலமான கட்டைவிரல். உஸ்மான் சாலையின் நெரிசலில் நடந்தபோது அவன் எதிரே வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை விடுமுறை. பத்து மணிக்கே நித்யா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனான். அந்தக் கடைக்கு அவன் அதிகம் வந்ததில்லை, மளிகை அவள் துறை. பால் அடுக்கு இருந்த வரிசையில் கூடையோடு நின்றான். யார் சோயா பாலை எடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம். பன்னிரண்டு மணிக்குள் ஐந்து பேர் எடுத்தார்கள். மடிசார் கட்டிய மாமி ஒருத்தி, இது காப்பிக்குத் திரியாமல் இருக்குமோ என்று அவனையே கேட்டாள். ஜிம் பையோடு ஒரு பையன். கைக்குழந்தையோடு ஒரு பெண், கூடையில் டயபர். கணவன் கூடவே வந்தான், மழமழவென்று சவரம் செய்த முகம். தணிகாசலம் அவர்கள் பின்னாலேயே பில் போடும் இடம்வரை போனான். அந்த ஆளின் கட்டைவிரல் பென்சில்போல ஒல்லியாக இருந்தது. அவர்கள் பணம் கட்டிவிட்டு வெளிவாசலுக்குப் போனார்கள். அங்கே நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டி அம்மாள் ஒருத்தி பில்லை வாங்கிப் பையை எட்டிப் பார்த்து, காகிதத்தில் ஓர் ஓட்டை போட்டாள். பில்லைத் திருப்பி நீட்டினாள். கணவன் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு நடந்தான்.

அவள் அந்தப் பில்லைக் குப்பைக் கூடையில் போடவில்லை. ஒரு பார்வை பார்த்தாள். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தணிகாசலம் அப்படியே நின்றான். அடுத்து வந்தவர்களின் பில்லையும் கவனித்தான். வாங்கிக்கொண்டவர் பாதி, விட்டுவிட்டுப் போனவர் பாதி. விட்டுப்போனதில் பெரும்பாலானவை கூடைக்குப் போயின. மாமியுடையது பைக்குப் போனது.

ஆறு வருஷப் பழக்கம் அவனை அவசரப்பட விடவில்லை. சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. உள்ளே போய் ஒரு சோயா பால், ஒரு மண்ணெண்ணெய்த் திரி, இரண்டு பாக்கெட் கற்பூரம், ஒரு பூட்டு வாங்கினான். உலகத்தில் வேறு யாரும் ஒரே பில்லில் சேர்த்து வாங்கமாட்டாத பொருள்கள். வாசலில் அவள் ஓட்டை போட்டு நீட்டியபோது வேண்டாமென்று தலையசைத்தான். கட்டைவிரலை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தான். அகலமாக, கறுத்து, நகம் ஒட்ட வெட்டி.

ஞாயிறு காலை மோட்டார் போட மறந்து, மதுமதியின் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஏழு மணிக்குச் செய்தி வந்தது. திறந்தான். சோயா பால், திரி, கற்பூரம், பூட்டு. மேல்பகுதி மடிப்பு கச்சிதமாக இருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு அவன் கடைக்குப் போனபோது அவள் வேலை முடிந்து, கடைக்குப் பக்கவாட்டில் காய்கறிக் கூடைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். சட்டையில் அன்புச்செல்வி என்று பெயர் குத்தியிருந்தது. நாற்பது வயதிருக்கும். அவன் போனை நீட்டி, இது நான் நேற்று வாங்கிய பில், இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டான். குரல் அலுவலகக் குரலாக இருந்தது.

அன்புச்செல்வியின் முகம் செத்துவிட்டது. தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அப்புறம், கீழே கிடந்த காகிதம்தானே என்றாள். அப்புறம் அவனை ஒருமாதிரிப் பார்த்து, அந்த ஆப் கம்பெனி ஆளா என்று கேட்டாள். கடை சூப்பர்வைசரிடம் போக வேண்டாம், அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து தூக்கிப் பெரும்பாக்கத்தில் போட்டுவிட்டார்கள், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன், இந்த வேலையும் போனால் மகள் படிப்பு நின்றுவிடும் என்றாள். மூச்சுவிடாமல் சொன்னாள்.

"நான் மதுமதியோட வீட்டுக்காரர்" என்றான்.

அவள் பேச்சு நின்றது. பயம் போய் முகத்தில் வேறொன்று வந்தது. அவனைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.

"மதுக்கா புருசனா நீ? அக்காவ எங்க வச்சிருக்க?"

அவன் நீட்டிய போனைத் தாழ்த்தினான்.

"ஒம்போது மாசமா ஆளக் காணோம். போன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. இன்னா பண்ண அதை? தொரத்திட்டியா, இல்ல வூட்ட வுட்டு வெளிய வுட மாட்றியா?"

பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம் குரலைத் தாழ்த்தி, டெங்கு என்றான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்றான். கார்த்திகை மாதம் என்றான். இந்த மூன்று வாக்கியங்களையும் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி அவை வழவழவென்று ஆகியிருந்தன. அவள் கேட்டுவிட்டு, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"மெய்யாலுமா?" என்று மட்டும் கேட்டாள். செருப்பு வாரை மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். முதல்நாள் அக்கா பாதாம் பாலை எடுப்பதும் விலையைப் பார்ப்பதும் திருப்பி வைப்பதுமாக இருந்திருக்கிறாள். திருடுகிற ஆளோ என்று இவள் பின்னாலேயே போய் நின்றிருக்கிறாள். கடைசியில் அக்கா சின்னப் பெட்டி சோயா பால் ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குப்பைக் கூடையில் கிடந்த பில்களைப் பார்த்தாள். இதெல்லாம் யாருக்கும் வேண்டாமா என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. பில் பொறுக்கி வைப்பது இவள் வேலை, படமெடுத்து அனுப்புவது அக்கா வேலை. வேலை கூடியதும் அக்கா தன் கணக்கை இவள் போனிலேயே போட்டு, எப்படி மடிப்பது, எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொடுத்தாள். தினமும் மூன்றரைக்கு வந்து பார்ப்பாள். மாதாமாதம் இவள் போனுக்கு ரீசார்ஜ். மீதி அக்காவுக்கு.

அந்த டயபர், பிளேடு, மசாலா எல்லாம் யாருடையவை என்று தணிகாசலம் கேட்டான். யாருக்குத் தெரியும் சார், வாங்கினவர்களுடையவை என்றாள். சோயா பால் வாங்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே தன்னால் சொல்லிவிட முடியும் என்று லேசாகச் சிரித்தாள். நேற்று கற்பூரத்தோடு அவனைப் பார்த்தபோது மட்டும் குழம்பிவிட்டதாம்.

"முட்டை இருக்குற பில்லு வேணாங்கும் மொதல்ல. பாவமாம். ரெண்டு மாசம் போச்சு, அதையும் வாங்கிக்கிச்சு. தூக்கிப் போட்ட சீட்டுதான சார், யாரு குடிய கெடுத்தோம்?"

அந்த இன்னொரு வீடு இடிந்து விழுந்தது. சவரம் செய்த ஆண், குழந்தை, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு, எதுவும் இல்லை. நிம்மதி வரவேண்டும் என்று தணிகாசலம் காத்திருந்தான். அது வருவதாகத் தெரியவில்லை. தேனுக்காகத் தேனீயைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவள். அவனிடம் வரும் பொய்ப் பில்களைப் பற்றிக் கேட்டால், இப்படியும் பிழைப்பார்களா என்பவள். அவள் ஏன் மற்றவர்களின் பில்லைப் பொறுக்கினாள்?

அதைக் கேட்டே விட்டான்.

அன்புச்செல்வி, செத்தவர்கள் சொன்னதை உயிரோடு இருப்பவர்களிடம் சொல்வது சரியா என்று யோசிப்பவள்போல முந்தானையில்லாத தோளைத் தடவினாள்.

"அக்கா வேலைய வுட்டுட்டுப் பரிச்சைக்குப் படிச்சுகினு இருந்துச்சுல்ல? அப்ப வூட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டாராம். உன் கொள்கைக்கு என் சம்பளத்துல துண்டு வுழுதுன்னு. அதுலேர்ந்து உன் காசுல அந்தப் பாலு வாங்குறதில்லன்னு வச்சிருந்துச்சு. நீ சொன்னியா அப்டி?"

சொல்லியிருந்தான். போன வருஷம் பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. கிரெடிட் கார்டு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்தாள். தேர்வில் தேறி அதிகாரியானதும் வட்டியோடு தருகிறேன் என்றாள். அடுத்த மாதமே செலவு இறங்கியது. அவன் அதைத் தன் கெட்டிக்காரத்தனம்போல ஊரெல்லாம் சொன்னான். ஒரு பில்லைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. நாளெல்லாம் ஊரார் பில்லைச் சந்தேகப்படுகிறவன், வீட்டில் மட்டும் சந்தேகப்படாமல் இருந்துவிட்டான்.

"சொன்னேன்" என்றான்.

அவள் தன் போனை எடுத்துத் திறந்தாள். திரையின் ஓரத்தில் பொட்டாக விழுந்த கீறல். எழுபத்து நான்கு என்ற எண்ணைக் காட்டினாள். ஒரு வாரம் விட்டாலும் முதலிலிருந்து வரவேண்டும் என்று அக்கா சொல்லிவைத்திருந்ததாம். அம்மா வீட்டுக்குப் போயிருக்கும், பிரசவத்துக்காக இருக்கும், வரும்போது தொடர் அறுந்து கிடந்தால் மனசு விட்டுப்போகும் என்று புள்ளிகளைத் தொடாமல், தன் காசிலேயே ரீசார்ஜ் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். வந்தால் ஒரே அடியாக ஒரு வருஷத்துக்குப் போட்டுத் தரச்சொல்லலாம் என்ற எண்ணமும் இருந்தது என்றாள்.

"இப்ப இத இன்னா சார் பண்றது?"

 பேருந்து நிலையத்திலிருந்து வண்டிகள் திரும்பும் சத்தம் கேட்டது. அவள் பஸ் ஒன்று போய்விட்டது, அவள் எழவில்லை. கூடைகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் அவனும் சுவரில் சாய்ந்து நின்றான்.

"கடைசியா இன்னா சொல்லிச்சு அக்கா?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரு பதில் உண்டு. எல்லாரையும் பார்த்துக்கொள் என்று சொன்னாள் என்பான். சரோஜாதேவி அதைக் கேட்டுத்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஃபராஸ் அதைக் கேட்டுத் தோளைப் பிடித்தான். சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பியும் விட்டிருந்தான். இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்தது. அன்புச்செல்வி நிமிர்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து பொருளையும் பில்லையும் ஒத்துப் பார்க்கிறவளின் பார்வை.

அவன் நடந்ததைச் சொன்னான். மூன்றாம் நாள் சாயங்காலம். ரத்த அணுக்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஓர் இளநீர் வாங்கி, தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு போனான். தலையணையை உயர்த்தி, உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்தான். இரண்டு வாய் குடித்தாள். தலையைத் திருப்பி அவனைப் பார்த்து ஒன்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டாள், அதன்பின் அவளுக்கு நினைவு திரும்பவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மதுமதி கேட்டதைக் கடைசியாகச் சொன்னான்.

"எவ்ளோ குடுத்த இதுக்கு?"